பார்த்தீனியம் என்னும் நச்சுக்களை

புனேக்குப் புதிதாக வந்து வீடு பிடித்த நம்மவர் சிலர், கொல்லையில் வெண்ணிறச் சிறு பூக்களோடு நிற்கும் ஒரு செடியை அழகுச் செடியென எண்ணி விட்டுவைத்திருப்பதைக் காண்கிறேன். மராத்தியர் அதனைக் 'காஜர் கவத்' என்பர். இலை கேரட் இலையை ஒத்திருப்பதால் வந்த பெயர். தாவர நூலார் இட்ட பெயர் பார்த்தீனியம். தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. நம் நாட்டில் இதன் பரவல் கவனத்துக்கு வந்தது 1950-களின் நடுவில், இதே புனேயில்தான்! இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பலர் கூற்று.

இதிலுள்ள பார்த்தினின் என்னும் நச்சுப்பொருள் அண்டைச் செடிகளின் முளைப்பை ஒடுக்குகிறது. மனிதரையும் அது விடுவதில்லை. அடிக்கடி தொடுவோருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. அவ்வொவ்வாமை ஒருமுறை பற்றிக்கொண்டால் எளிதில் நீங்காது. பின்னர்ச் செடியின் அருகே சென்றாலே முகமும் கழுத்தும் சிவக்கும். நம் வீடுகளில் களை பறிப்பவர் யார்? பெரும்பாலும் கூலிக்கு வரும் ஓர் அம்மாள், அதுவும் வெறுங்கையோடு. கையுறை வாங்கித் தராமல் அவரிடம் இவ்வேலையை ஏவுவது நேர்மையன்று என்பேன்.

பறிக்கும் காலமே முக்கியம். முளைத்து ஏறத்தாழ ஒரு திங்களில் இது பூக்கத் தொடங்கும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்க வல்லது. ஆகவே பூக்குமுன், மழை பெய்து மண் இளகிய மறுநாள், வேரோடு பிடுங்க வேண்டும். அரிவாளால் அறுத்தாலோ அடித்தண்டிலிருந்து மறுபடி தளிர்க்கும். பூவாத செடியை எருக்குழியில் இடலாம். பூத்துவிட்டதை அங்கே போடாதீர்கள். தலைப்பகுதியைப் பையால் மூடிப் பிடுங்கி, பையின் வாயைக் கட்டிவிடுங்கள்.

மண்ணில் உறங்கும் விதைகள் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும். எனவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வெற்றிடம் விடாது தகரையோ துலுக்கச் செவ்வந்தியோ விதைத்தால் இதற்கு இடம் குறையும். உப்புக் கரைசல் தெளித்தும் கொல்லலாம்தான். சாலையோரத்துக்கு அது சரி. கத்தரியும் கீரையும் போடும் பாத்தியில் உப்பைக் கொட்டுவானேன்?

இலையில் துளைகள் கண்டால் சற்று உற்று நோக்குங்கள். வெளிர் மஞ்சள் முதுகில் கருங்கோடுகள் நெளியும் சிறு வண்டு தென்படலாம். இக்களையைத் தின்னவென்றே மெக்சிகோவிலிருந்து தருவித்து, 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட இனம் அது. மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கும். வறட்சியில் மண்ணுக்குள் புகுந்து உறங்கும். அதன்மேல் பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள்.