விமானச் சீட்டில் வகுப்பு மாறியிருந்தால்

இணையப் பயண முகவரிடம் உயர் வகுப்புக்குப் பணம் கட்டியவருக்குச் சாதாரண வகுப்புச் சீட்டு வந்து சேருமாயின், மனங்கலங்காமல் பின்வருமாறு பரிகாரம் தேடலாம்.

● பணம் செலுத்துமுன், வகுப்பின் பெயரும் கட்டணமும் ஒருங்கே தெரியும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு விவகாரம் எழும்போது அதுவே வலிய ஆதாரமாகும்.

● சீட்டு வந்த அன்றே, பி.என்.ஆர். குறியீட்டைக் கொண்டு விமான ஸ்தாபனத்தின் சொந்தத் தளத்தில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய வகுப்பைச் சரிபாருங்கள். தொடர் பிரயாணத்தில் ஒரு கட்டம் மட்டும் கீழ் வகுப்பாயிருப்பதும் உண்டு.

● ரசீதும் பதிவும் முரண்பட்டால், பதின்மூன்று இலக்கச் சீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, முகவருக்கும் ஸ்தாபனத்துக்கும் ஒரே சமயத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சு சாட்சியமாக நிற்பது அரிது.

● முறையாகப் பதிவான வகுப்பை மறுத்து, பிரயாணியின் சம்மதமின்றிக் கீழ் வகுப்பில் அமர்த்தினால், 2023 பிப்ரவரி 15 முதல் அமலிலுள்ள இந்திய விதிப்படி, உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்படச் சீட்டு விலையில் 75 சதவீதமும், வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்துக்கேற்ப 30, 50 அல்லது 75 சதவீதமும் விமான ஸ்தாபனம் திருப்பித் தரவேண்டும்.

● நியாயம் கிட்டாவிடில், மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடுங்கள். அதுவும் பயன்படாதபோது, இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடும் உரிமை உங்களுக்கு உண்டு.