திரும்பி வரும் செம்பின் கணக்கு
ஹைட்ரஜனுக்காகத் தண்ணீரைச் சூட்டால் மட்டும் பிரிக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். நடுவில் செம்பும் குளோரினும் புகுந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் 530 டிகிரி சுமாரே போதும். ஒரு படிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம். மும்பையின் வேதித் தொழில்நுட்ப நிறுவனமான ஐ.சி.டி.யும் ஓ.என்.ஜி.சி. எனர்ஜி சென்டரும் சேர்ந்து இந்தச் செம்பு-குளோரின் சுழற்சியில் உழைத்திருக்கின்றன. இத்துறைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை மில்லி ஹைட்ரஜன் வந்தது என்பதைவிட, போட்ட செம்பும் குளோரினும் முழுசாகத் திரும்பினவா என்று பாருங்கள். முதலில் ஒரு படி நடக்கட்டும், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். ஆனால் சுற்றுக்கு 5 சதவீதம் செம்போ குளோரினோ போனால் 14 சுற்றில் பாதி காலி.

தகராறு பெரும்பாலும் 400 டிகிரியை ஒட்டிய நீராவிப் படியில்தான். குப்ரிக் குளோரைடு நீராவியோடு சேர்ந்து ஆக்சிகுளோரைடாக மாற வேண்டும். ஒரு பகுதியோ குளோரினை விட்டுவிட்டு குப்ரஸ் குளோரைடாகிவிடுகிறது. இதைப் பிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வெளிவரும் வாயுவைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் விடுங்கள். குளோரின் இருந்தால் கரைசல் பழுப்பேறும். தயோசல்பேட் டைட்ரேஷனில் அளவு தெரிந்துவிடும். இந்தப் படியில் கூடவே வரும் அமிலத்தோடு காற்றுப் பட்டாலே அயோடின் மெல்ல விடுபடும் என்பதால், செம்பு உப்பில்லாமல் அதே அமிலத்தோடு ஒரு பிளாங்க் (வெற்றுச் சோதனை) கட்டாயம். உலையில் மிஞ்சியதில் குப்ரஸ் எவ்வளவு என்றும் தனியே அளவிடுங்கள். வெள்ளையான அந்த உப்பு ஈரக்காற்றில் பச்சையாகிவிடும், நைட்ரஜனுக்குள்ளேயே கையாளுங்கள். ஒரு மோல் குளோரினுக்கு இரண்டு மோல் குப்ரஸ் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஆக்சிகுளோரைடே உடைய ஆரம்பித்திருக்கலாம். சூட்டைக் குறைத்துப் பாருங்கள்.

நீராவியைக் கூட்டினால் குளோரின் குறையுமே என்பார்கள். குறையும். ஆனால் ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு இரண்டு மோல் குப்ரிக் குளோரைடு வேண்டும். செம்புக்குப் பத்து மடங்கு நீராவி என்றால் 20 மோல் தண்ணீர். ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 820 கிலோஜூல். அந்த ஹைட்ரஜனை எரித்தால் வருவதோ 286. ஆவியைக் குளிர்வித்துச் சூட்டைத் திரும்ப எடுக்கலாம்தான். ஆனால் கிடைப்பதில் பெரும்பகுதி 100 டிகிரியை ஒட்டிய சூடு, கூடவே உலோகத்தை அரிக்கும் அமிலம். சூரிய மின்சாரம் மலிந்த இந்நாளில், கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் வாங்கினாலும், தண்ணீரை மின்சாரத்தாலேயே பிரிக்கும் எலக்ட்ரோலைசரே எளிது என்ற வாதம் வலுவானது, இன்றைக்கு அதை நானும் ஏற்கிறேன். எலக்ட்ரோலைசரோடு போட்டி போட வேண்டிய முறை இது என்பதால்தான், விளைச்சல் எழுதும் அட்டவணையில் பக்கத்திலேயே நீராவி விகிதத்தையும் எழுதச் சொல்கிறேன்.