படகும் சடத்துவமும்



நியூட்டனின் இயக்க விதிகள் மூன்றையும் நாம் பள்ளி நாட்களிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் முதுகலை வகுப்பில் பௌதிகம் பயிலும் எனக்கே அவ்விதிகள் ஏட்டில் மட்டுந்தான் தெரிந்திருந்தன என்பதை ஒரு படகுத்துறையில் உணர்ந்தேன். தமிழகத்திலிருந்து அந்தமானுக்கு வந்த புதிதில் நடந்தது அது.

வண்டிகளையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் பெரிய இரும்புப் படகு. துறையை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். படகு ஆமைபோல் நகர்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் நின்ற நான், மோதாமல் தடுக்கலாமே என்று ஒரு காலை நீட்டித் துறையின் சுவரில் ஊன்றினேன்.

"தம்பி, காலை எடு! காலை எடுய்யா!" என்று கயிறும் கையுமாக நின்ற பெரியவர் ஒருவர் அலறினார். எடுத்தேன். மறுகணம், துறையில் தொங்கிய லாரி டயர் படகின் அடியில் அப்பளமாக நசுங்கிற்று. "மெதுவா வருதுன்னு பாத்தே, எம்மாம் பெரிசுன்னு பாக்கலியே" என்றார் அவர். உந்தம் என்பது வேகம் மட்டுமன்று, பொருண்மையும் வேகமும் சேர்ந்த பெருக்கம் என்ற பாடம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது.

நான் ஏன் ஏமாந்தேன்? தரையிலே வளர்ந்தவன் என்பதுதான் காரணம். எங்கள் ஊரில் மாடு நின்றால் வண்டியும் நின்றுவிடும். இழுக்கும் வரையில் ஓட்டம், விட்டால் ஓய்வு. அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணினார். உலகமும் பல நூற்றாண்டுகள் அவர் பின்னே சென்றது. வண்டியை நிறுத்துவது மாடு இல்லாத குறையன்று, உராய்வு என்னும் எதிர்விசை. இதைக் கலீலியோ உய்த்துணர்ந்தார். 1687இல் நியூட்டன் முதல் விதியாக்கினார். புறவிசை தாக்காதவரை நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் நேர்கோட்டில் சீரான வேகத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தன்மையே சடத்துவம். இன்றைய பாடநூல்கள் நிலைமம் என்கின்றன. பழைய சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது.

தரையில் உராய்வு மறைத்துவைக்கும் சடத்துவத்தை நீர் வெளியே காட்டிவிடுகிறது. வேகம் குறையக் குறைய நீரின் தடையும் வெகுவாகக் குறைந்துபோகும். எனவே மெல்ல வரும் படகைத் தடுக்க நீரில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலைக்கு வெட்டுமரங்கள் வந்த கதையும் இதுதான். காட்டுக்குள் யானை இழுத்த மரத்தைக் கடலில் தெப்பமாகக் கட்டிப் படகு இழுத்து வந்தது. மரம் மாறவில்லை, உராய்வு போயிற்று. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் சாத்தம் படகுத்துறைக்குச் சென்று ஒருநாள் நின்று பாருங்கள், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

மிதக்கும் பொருளின் எடையை நீர் தாங்கிக்கொள்கிறது. அதனால் பொருளே லேசாகிவிட்டதென்று நினைக்கிறோம். எடை வேறு, பொருண்மை வேறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு 100 டன், அதாவது 1,00,000 கிலோகிராம். வேகம் நொடிக்கு 0.3 மீட்டர். உந்தம் 30,000 அலகு. ஒருவர் 300 நியூட்டன் விசையோடு, அதாவது 30 கிலோ மூட்டையைத் தூக்கும் பலத்தோடு, எதிர்த்துத் தள்ளினால் படகு நிற்க 100 நொடி ஆகும். அதற்குள் அது 15 மீட்டர் நகர்ந்துவிடும். எனக்கும் சுவருக்கும் நடுவே இருந்ததோ ஒரு முழம்!

டயர் 15 சென்டிமீட்டர் நசுங்கிப் படகை நிறுத்துகிறது எனில் அதற்கு 1 நொடி ஆகும்; சராசரி விசை 30,000 நியூட்டன், சுமார் 3 டன் பாரம். டயர் இல்லாமல் இரும்பும் கல்லும் மோதி 1 சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் 4,50,000 நியூட்டன், சுமார் 45 டன். உந்தம் ஒன்றே, நேரம் சுருங்க விசை பெருகுகிறது. இரண்டாம் விதி இதுதான். உண்மையில் படகோடு சேர்ந்து ஓரளவு நீரும் நகர்வதால் கணக்கு இன்னும் கூடும். நடுவில் என் எலும்பு எந்த மூலைக்கு?

கயிறு பிடிப்பவரும் இதே விதியைத்தான் கையாளுகிறார். துறைக் குற்றியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கயிற்றைச் சற்றே வழுக்கவிடுகிறார். சட்டென்று இறுக்கினால் கயிறு தெறித்துவிடும். தெறித்த கயிறு ஆளை அடிக்கும்.

மூன்றாம் விதிக்குச் சின்ன டிங்கியே போதும். 60 கிலோ ஆள் 120 கிலோ டிங்கியிலிருந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கரைக்குத் தாவினால், டிங்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னே போகும். பெரிய படகிலும் அதே எதிர்விசைதான். ஆயின் அது நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நகரும், யார் கண்ணுக்கும் தெரியாது. பெரிய படகில் தாவிப் பழகிய நம் விடுதி நண்பர் ஒருவர் அதே நம்பிக்கையோடு டிங்கியிலிருந்து தாவினார். கரைக்கும் டிங்கிக்கும் நடுவே இடுப்பளவு நீரில் நின்றபடி, "படகு நகர்ந்துவிட்டது" என்றார். நகர்த்தியது அவர் கால்கள்தாம் என்று அப்போது எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.