டிரசர் வரட்டும், கதவைத் திறங்க!



"நல்லாத்தானே இருக்கேன், எனக்கென்ன சோதனை?" என்று ரத்தக் கொதிப்பு பார்க்க வராதவர்கள் நம் லயங்களில் அதிகம். சிங்கப்பூர் ஏழைகளிடமும் இதே பேச்சுத்தான்.

அங்கே 1905-ல் வணிகர் டான் ஜியாக் கிம்மும் மற்றவர்களும் 87,077 டாலர் திரட்டித் தர, 23 மாணவர்களோடு ஒரு மருத்துவப் பள்ளி பிறந்தது. ஊர்க்காசில் பிறந்த பள்ளி! இன்று அது தேசியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. அதன் மருத்துவ, தாதி மாணவர்கள் 2007-ல் கிளம்பி, ஓரறை, ஈரறை வாடகை வீடுகளின் கதவைத் தட்டி, ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் சோதித்தார்கள். செலவு, நேரமில்லாமை, நோயே இல்லையென்ற நினைப்பு, இவைதான் அந்த மக்களைத் தடுத்தவை. வீட்டுக்கே போனபோது, சோதித்துக்கொண்டவர் தொகை கூடியது.

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது, தலையும் சுத்தாது. பல தடவை அளந்தும் 140/90-க்குக் குறையாமல் நின்றால் நோய்தான். விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கேடு. அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து காப்பி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்தகத்தில் உட்கார்ந்து காத்திருந்தது என் தப்பு. இப்போது வேலை முடிந்த மாலைகளில் கருவியோடு லயத்துக்கே போகிறேன். உங்கள் டிரசரையும் கூப்பிடுங்கள்.