மாங்காய் ஏன் விழுகிறது?

மாங்காய் ஏன் கீழே விழுகிறது என்று மரத்தடியில் நிற்கும் ஒரு சிறுவனைக் கேளுங்கள். "காம்பு அற்றது, விழுந்தது" என்பான். நம் பட்டதாரி நண்பர் ஒருவரைக் கேளுங்கள். "புவியீர்ப்பு விசையினால்" என்று மிடுக்காகச் சொல்வார். இருவரில் சிறுவனின் விடையே மேலானது என்பது என் கருத்து. அவன் நடந்ததைச் சொன்னான். நண்பரோ ஒரு பெயரைச் சொன்னார். பெயரிடுவது வேறு, விளக்குவது வேறு. நம் பாட்டனார் காலத்தில் 'ஆகர்ஷண சக்தி' என்றார்கள்; நாம் 'ஈர்ப்பு விசை' என்கிறோம். தமிழுக்கு அது நன்மைதான்; ஆனால் மாங்காயைப் பற்றி நமக்கு அதனால் ஒன்றும் கூடுதலாகத் தெரிந்துவிடவில்லை.

அப்படியானால் பௌதிக அறிஞர்கள் என்னதான் விளக்கியிருக்கிறார்கள்? சற்றுப் பார்ப்போம்.

ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான ஓர் இடம் உண்டு, அதை நாடியே அது செல்கிறது என்றார் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். மண்ணாலான பொருளுக்கு உலகின் நடுவிடமே சொந்த ஊர். பொங்கல் விடுமுறைக்குச் சென்னை வண்டியில் முண்டியடித்து ஏறும் நம்மைப் பார்த்துத்தான் இதை எழுதினாரோ என்று எனக்கு ஓர் ஐயம்! கேட்க இனிய கொள்கைதான். ஆனால் கனத்த பொருள் தன் கனத்துக்கு ஏற்ப விரைந்து விழும் என்றும் அவர் சொன்னார். அது நிற்கவில்லை. 1971-இல் சந்திரனில் நின்றுகொண்டு டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே சமயத்தில் கைவிட்டார். தடுக்கக் காற்று இல்லாத அவ்விடத்தில் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

அடுத்து வந்தவர் நியூட்டன். 1687-இல் வெளிவந்த தம் நூலில், மாங்காயையும் நிலவையும் ஒரே கணக்கில் அடைத்தார் அவர். தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும். நிலவு, பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் உள்ளது. ஆகவே அங்கே ஈர்ப்பு 3600-இல் ஒரு பங்கு. மாங்காய் ஒரு விநாடியில் விழும் 4.9 மீட்டரை நிலவு விழுந்து தீர்க்க ஒரு நிமிடம் ஆகும். ஆம், நிலவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது! ஆனால் விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வீதம் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழப் பூமியைத் தவறவிட்டுச் சுற்றி வருகிறது.

சரி, இடையே ஒன்றும் இல்லாத வெளியைத் தாண்டிப் பூமி எப்படி நிலவைப் பிடித்து இழுக்கிறது? கயிறு எங்கே? 1713-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில், காரணத்தைத் தாம் கண்டறியவில்லை என்றும், ஊகங்களைப் புனையப்போவதில்லை என்றும் நியூட்டனே எழுதிவிட்டார். தேர்வுத் தாளில் நாம் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பது சந்தேகமே. ஆனால் அதைவிட நேர்மையான விடை விஞ்ஞானத்தில் அரிது.

அவருடைய கணக்கில் ஒரு சிறு பிசகு இருந்தது. புதன் கோளின் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்பிவருகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் நூறு ஆண்டுக்கு 43 விகலை மிஞ்சுகிறது. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. 1859-இல் லெவெரியே என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த மிச்சத்தைச் சுட்டிக்காட்டினார். கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் இருக்கலாம் என்று தேடினார்கள்; கிடைக்கவில்லை. இத்தனை சிறிய எண் என்று அதை ரப்பரால் அழித்துவிடவும் இல்லை.

1915-இல் ஐன்ஸ்டைன் அந்த 43 விகலையைத் தம் புதிய கொள்கையிலிருந்து வருவித்தார். கயிறும் இல்லை, இழுப்பும் இல்லை. பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கின்றன, மாங்காய் அந்த வளைவில் தனக்குரிய நேர்வழியே செல்கிறது என்றார். இதை விளக்க, ரப்பர் விரிப்பின் நடுவே ஒரு குண்டை வைத்து, சிறு கோலி அதை நோக்கி உருள்வதைக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் குண்டு ஏன் விரிப்பை அழுத்துகிறது? கோலி ஏன் பள்ளத்தில் இறங்குகிறது? கீழே பூமி இழுப்பதால்! ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கும் விளக்கம் இது.

உண்மையில் மாங்காயை வீழ்த்துவதில் பெரும் பங்கு காலத்தின் வளைவுக்கே உண்டு. தரையிலுள்ள கடிகாரத்தைவிட உயரத்திலுள்ள கடிகாரம் வேகமாக ஓடும். வழிகாட்டும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் கடிகாரங்கள், அவற்றின் ஓட்டத்தால் வரும் தாமதத்தைக் கழித்த பின்னும், நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. இதைத் திருத்தாவிட்டால் நம் கைப்பேசி ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் வழிதவறும்.

கதை இத்துடன் முடியவில்லை. அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் கொள்கையும் ஐன்ஸ்டைனின் கொள்கையும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பூமி முழுவதும் சேர்ந்து இழுக்கும் ஒரு குண்டூசியை ஒரு சிறு காந்தம் தூக்கிவிடுகிறதே, ஈர்ப்பு ஏன் இத்தனை நோஞ்சான் என்பதற்கும் விடை இல்லை.

நண்பர்களே, முதலாண்டு மாணவர் சிலர் தனி ஊசலைக் கட்டித் தொங்கவிடும் முன்பே நோட்டில் 9.8 என்று விடையை எழுதிவிடுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறேன். பிறகு அளவுகள் அந்த விடைக்கு அடங்கி நடக்கும்! டில்லியில் அது 9.79; சென்னையில் 9.78. டில்லியில் 60 கிலோ காட்டும் சுருள்வில் தராசில் நீங்கள் சென்னையில் ஏறினால் சுமார் 50 கிராம் குறைந்திருப்பீர்கள். அம்மாவின் சமையல் அதை இரண்டே நாளில் ஈடுகட்டிவிடும் என்பது வேறு விஷயம்.

2015 செப்டம்பர் 14-இல் அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்தன. நான்கு கிலோமீட்டர் நீளக் கையில் அவை உணர்ந்த மாற்றம் ஒரு புரோட்டானின் அகலத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அத்தகைய கருவி ஒன்றை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அங்கே நம்மில் சிலரும் வேலை செய்யக்கூடும். விடையை முன்னமே எழுதிவைப்பவருக்கு அங்கே வேலை இல்லை. ஊசல் 9.6 என்று சொன்னால் 9.6 என்றே எழுதுங்கள். பிறகு ஏன் என்று தேடுங்கள். நூல் நீளத்தைத் தவறாக அளந்திருக்கலாம், பெரும்பாலும் அதுதான். ஆனால் அதையும் தேடித்தான் அறிய வேண்டும்.