பெட்டி மேல் ஒட்டிய சீட்டு: வெப் சர்வர் சொல்லும் மொழி

பாம்பன், மண்டபம் பக்கம் லாரி ஏறும் ஐஸ் பெட்டிகளை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே இறாலா நண்டா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. மேலே ஒட்டிய சீட்டுதான் பேசும். வெப் சர்வரும் அப்படித்தான். பக்கத்தை அனுப்புமுன் ஹெட்டர் எனும் சில வரிகளை முன்னால் அனுப்புகிறது. அதில் ‘கன்டென்ட்-லாங்குவேஜ்’ என்ற வரி, இந்தப் பக்கம் எந்த மொழிக்காரருக்கு என்று சொல்கிறது. தமிழுக்கு ‘டி.ஏ.’ என்ற இரண்டே எழுத்து. இலங்கைத் தமிழ் என்று பிரித்துச் சொல்ல ‘டி.ஏ.-எல்.கே.’, நம்முடையது ‘டி.ஏ.-ஐ.என்.’.

நம்ம வண்டி நம்பர் டி.என்.65 என்பதால் ‘டி.என்.’ என்று போட்டுவிடாதீர்கள்! மொழிப் பட்டியலில் அது தென்னாப்பிரிக்கப் பக்கம் பேசும் ஸ்வானா மொழி.

இதை எதற்குச் சோதிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியவன் நான்தான் முதல். அப்பா நாட்டுப்படகுக்காரர், கையெழுத்து மட்டும் போடுவார். ஓர் அலுவலகத்தின் கடல் வானிலைப் பக்கத்தைப் போனில் சத்தமாக வாசிக்க வைத்தேன். பக்கம் முழுக்கத் தமிழ். ஆனால் ஆங்கிலக் குரல் வந்தது. காற்று 55 கிலோமீட்டர் வேகம் என்ற இடத்தில் ‘ஃபிஃப்டி ஃபைவ்’ மட்டும்தான் காதில் விழுந்தது. "என்னடா, எதைச் சொல்லுது?" என்றார் அப்பா. பிறகு லேபில் பார்த்தேன். சர்வர் அனுப்பிய வரியிலும் ‘இ.என்.’, பக்கத்தின் எச்.டி.எம்.எல். டேக்கிலும் ‘இ.என்.’. அதாவது இறால் பெட்டியில் நண்டுச் சீட்டு.

சோதிப்பது சுலபம். பிரௌசரில் எஃப்-12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் முதல் வரியைத் திறந்தால் ஹெட்டர் தெரியும். இல்லாவிட்டால் ‘கர்ல்’ கட்டளை. கர்ல், இடைவெளி, மைனஸ், பெரிய ‘ஐ’, பிறகு முகவரி. பக்கம் வராது, ஹெட்டர் மட்டும் வரும். முகவரி வேறிடத்துக்குத் திருப்பி விட்டால் பெரிய ‘எல்’லும் சேருங்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முதலில் பாருங்கள். ‘டி.ஏ.’ என்று ஒழுங்காக வரும்.

‘கன்டென்ட்-டைப்’ என்ற வரியில் யு.டி.எஃப்-8 என்று இருந்தால் தமிழ் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது எழுத்தை எப்படி எண்ணாக்கினார்கள் என்பது மட்டுமே. டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு இருந்த காலத்தில் அந்த எழுத்துச் சண்டைதான் பெரிசு. மொழி வேறு, எழுத்து வேறு. நம்ம மாவட்டத்துப் பரமக்குடியிலேயே சான்று இருக்கிறது. அங்கே சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் அதைத் தமிழ் எழுத்திலும் எழுதுவார்கள். எழுத்தைப் பார்த்துத் தமிழ் என்று சொன்னால் தப்பு. அதற்கு ‘எஸ்.ஏ.இசட்.’ என்று தனிக் குறியே உண்டு.

ஹெட்டர், எச்.டி.எம்.எல். டேக் இரண்டும் முரண்பட்டால்? டேக்கில் உள்ள ‘லாங்’ சொல்வதையே பிரௌசர் எடுக்கும். பக்கத்துக்குள் மொழிக்குறி எதுவும் இல்லையென்றால்தான் ஹெட்டரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஹெட்டரில் ‘டி.ஏ., இ.என்.’ என இரண்டு இருந்தால் அதுவும் உதவாது, மொழி தெரியாத பக்கமாகிவிடும். எனவே மூன்றையும் பாருங்கள்: ஹெட்டர், டேக், கண்ணால் வாசிக்கிற வரி.

இரு மொழியில் பக்கம் தரும் சர்வர்களுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். நம் பிரௌசர் ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ என்ற வரியில் விருப்ப மொழியைச் சொல்லிக் கேட்கிறது. கர்ல் தானாகச் சொல்லாது. பெரிய எழுத்தில் மைனஸ் ‘எச்’ போட்ட பின் மேற்கோளுக்குள் அந்த வரியை நாமே கொடுக்க வேண்டும். பெரிய எழுத்து ‘எச்’ என்றுதான் பழக்கத்தில் போட வேண்டும், சின்னதென்றால் உதவிப் பக்கம் வந்து நிற்கும். ஒருமுறை ‘டி.ஏ.’ என்று, ஒருமுறை ‘இ.என்.’ என்று கேளுங்கள். பதில் மாறினால் ‘வேரி’ என்ற வரியில் அக்செப்ட்-லாங்குவேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இடையில் நகல் வைத்திருக்கும் சர்வர், முதலில் கேட்டவருக்குத் தந்த ஆங்கிலப் பக்கத்தையே அடுத்து தமிழ் கேட்டவருக்கும் நீட்டிவிடும்.