தூண்டிலுக்குச் சிக்காத கெண்டை

மீன் பிடிக்கணும்னா தூண்டில், புழு, கொஞ்சம் பொறுமை போதும்னு நினைக்கிறீங்களா? அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் இது மூணும் இருந்தும் வெறுங்கையோட திரும்பலாம். அங்கே மண்டிக் கிடப்பது வெள்ளிக் கெண்டை.

கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த மீனை 1970-களில் ஆர்கன்சா மாநிலத்துக்குக் கொண்டு வந்தார்கள். குளத்துப் பாசியைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் என்பது கணக்கு. அங்கிருந்து தப்பி மிசிசிப்பி ஆற்றில் கலந்துவிட்டது.

நம்மூர்ப் பண்ணைக் குளங்களிலும் இதே மீனை வளர்க்கிறோம். குளத்துக்குள் அது தானாகப் பெருகுவதில்லை. முட்டை மிதந்துகொண்டே பொரிய, நீண்ட தூரம் ஓடும் ஆறு வேண்டும். மிசிசிப்பியில் ஓட்டத்துக்கா பஞ்சம்?

சரி, தூண்டில் ஏன் தோற்குது? இதன் செவுளுக்குள் பஞ்சு போன்ற வடிகட்டி இருக்கு. தண்ணீரை உள்ளே இழுத்து, நுண்ணிய மிதவை உயிரிகளை வடித்துத் தின்னும். புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மற்ற மீன் குஞ்சுகளின் முதல் சாப்பாடும் அந்த மிதவை உயிரிகள்தான். ஆபத்து அங்கேதான்.

அதனால் பிடிக்கும் வழியும் வேற:

1. கைவலை: படகு மோட்டார் சத்தம் கேட்டால் இந்த மீன் மிரண்டு 3 மீட்டர் வரை துள்ளும். துள்ளும்போதே வலையில் ஏந்தலாம். இல்லினாயின் பாத் ஊரில் 2005-ல் தொடங்கிய போட்டியே இப்படித்தான். மீன் முகத்தில் மோதினால் எலும்பு முறியும், தலைக்கவசம் அவசியம்.

2. வில்: கயிறு கட்டிய அம்பால் எய்வது. ஒளிவிலகல் பாடம் ஞாபகம் இருக்கா? நீருக்குள் இருக்கும் மீன் உண்மையான இடத்தைவிட மேலே தெரியும். அதனால் குறி கொஞ்சம் கீழே வைக்கணும்.

பிடித்ததும் ரத்தம் வடித்து ஐஸில் போட்டால் ருசி கெடாது. சதைக்குள் ஒய் வடிவ முள் நிறைய. கெண்டை தின்று பழகிய நமக்கு அது புதுசில்லை. அரைத்துக் கட்லெட் போடலாம். மக்கள் விரும்பிச் சாப்பிடட்டும் என்று 2022-ல் இல்லினாய் மாநிலம் 'கோப்பி' என்ற புதுப் பெயரே வைத்தது.

ஒரே ஒரு விதியை மறக்கக் கூடாது: உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டு போகவே கூடாது. குஞ்சுகளைத் தூண்டில் இரையாக வாளியில் எடுத்துப் போவதும் தப்பு. பேரேரிகளுக்குள் இந்த மீன் நுழையாமல் இருக்க சிகாகோ கால்வாயில் மின்தடுப்பே போட்டிருக்காங்க. அத்தனை செலவையும் வீணாக்க ஒரு வாளி போதும்.

தூண்டில்காரர்கள் மட்டும் பிடித்து இந்த மீனை ஒழித்துவிட முடியாது. பெரிய வலைகளோடு தொழில்முறை மீனவர்களும் இறங்கியிருக்காங்க. ஆனால் பரவாமல் தடுப்பது ஒவ்வொருத்தர் கையிலும் இருக்கு.